காய்ந்திருந்த வார்னிஷ்

பிப்ரவரி 11

"அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்."

ஆண்டவருக்குள் அன்பான தம்பிக்கு,

அவர் கிருபையால் நானும் உன் அண்ணியும் சுகமாக இருக்கிறோம். நீயும் தங்கச்சியும் சுகமா? போய் இறங்கியதும் ஒரு வரி போட்டிருக்கலாம். தங்கச்சியின் அம்மா வீட்டு வாசலில் நின்று விலாசம் கேட்க வேண்டியதாகிவிட்டது. "உங்ககிட்ட குடுக்க வேணாம்னு மாப்பிள்ளை சொல்லியிருக்காரே" என்று சொல்லிக்கொண்டேதான் எழுதிக் கொடுத்தார், நல்ல மனுஷி.

நம் சவப்பெட்டிக் கடை எப்போதும்போல நடக்கிறது. போன வாரம் ஒருவர் வந்து சோடா கேட்டார். யாரோ "அந்தத் திருப்பத்துல பெட்டிக்கடை இருக்கு" என்று கைகாட்டி அனுப்பியிருக்கிறார்கள். உள்ளே எட்டிப் பார்த்தவருக்குத் தாகம் எந்தப் பக்கம் போனதோ தெரியவில்லை. நீ இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். எனக்குச் சிரிக்கக்கூட ஆள் இல்லை. உன் இழைப்புளி சாணைக் கல்லுக்குப் பக்கத்தில் நீ வைத்த இடத்திலேயே இருக்கிறது. நான் எடுக்கவில்லை.

சபையில் உங்கள் இருவரையும் எல்லோரும் கேட்கிறார்கள். நீங்கள் உட்கார்கிற பெஞ்சில் இன்னும் யாரும் உட்காருவதில்லை. மேலே எழுதியிருக்கும் வசனத்தை நீ ஒரு தரம் படி, தங்கச்சிக்கும் படித்துக் காட்டு. நம் பிள்ளை சிட்டு போன பிறகு எனக்கு அதுதான் துணை. உன் துக்கம் பெரியது, தெரியும். அதை எங்கே இறக்கி வைக்க வேண்டும் என்பதும் உனக்குத் தெரிந்ததுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

உன் அண்ணன்


மார்ச் 2

அண்ணனுக்கு,

நலம். நீங்களும் அண்ணியும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

இங்கே அலமாரி செய்கிற தொழிற்சாலையில் பாலிஷ் பிரிவில் வேலை. நாள் முழுக்க வார்னிஷ் வாடைதான். ஆனால் இதற்குள் துணி வைப்பார்கள், பாத்திரம் வைப்பார்கள், அந்த நிம்மதி போதும். தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரே அறையுள்ள வீடு. சன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். அவள் பகலெல்லாம் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

இனி எனக்கு வசனம் எழுதி அனுப்ப வேண்டாம். எழுதினால் கடிதத்தைப் பிரிக்காமலே வைத்துவிடுவேன். அதற்குப் பதிலாக நான் கேட்கிற ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

சிட்டு காலையில் போனாள். சாயங்காலம் அடக்கம். விடாத மழை. மழைக்காலத்தில் நம் கடை வார்னிஷ் காய இரண்டு நாள் பிடிக்கும். அன்றைக்கு மூடியைத் தூக்கி வைத்தது நான். உள்ளங்கை முழுவதும் பதித்து அழுத்தினேன், கொஞ்சம்கூட ஒட்டவில்லை. மொறமொறவென்று காய்ந்திருந்தது. மழை, ஆட்கள், பாட்டு, போதகர் எல்லாம் மறந்துபோயிற்று. அந்தக் காய்ந்த மூடி மட்டும் கையிலேயே இருக்கிறது.

அப்படியென்றால் என் பிள்ளை மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே அவளுக்குப் பெட்டி தயாராக நின்றிருக்கிறது. அதற்கு முந்தின சாயங்காலம் நீங்கள் ஆஸ்பத்திரியில் என்ன செய்தீர்கள்? அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவரே, இவளை எழுப்பும், எழுப்புவீர்னு நம்புறேன்" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி ஜெபித்தீர்கள். நர்ஸம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்துக் கட்டில் பிள்ளையை மேல்மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனதும் அவள் போய்ச் சேர்ந்துவிட்டதாக வார்டில் பேசிக்கொண்டார்கள். அன்றிலிருந்து நான் சிட்டுவின் கட்டிலை விட்டு நகரவில்லை. உங்கள் ஜெபத்தைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

மூச்சு நின்றுவிட்டது என்று ஆள் வந்து சொன்ன பிறகுதான் பலகையில் ரம்பம் பட வேண்டும், உயிரோடு இருக்கிறவரை அளக்கவே கூடாது. அப்பா நம் இருவருக்கும் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் அது. யாருக்கும் மீறாத அந்தச் சட்டத்தை என் பிள்ளைக்கு ஏன் மீறினீர்கள்?

தம்பி


மார்ச் 20

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கண்டு சந்தோஷம். சுகமாக இருக்கிறோம். நீங்கள் இருவரும் அப்படியே இருக்க வேண்டும். நீ சொன்னபடி மேலே வசனம் எழுதவில்லை, பார்த்திருப்பாய். 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். எந்தக் காலத்தில் என்னை அப்படிக் கூப்பிட்டாய்?

இங்கே கடைக் கூரை ஒழுக ஆரம்பித்துவிட்டது. பலகை அடுக்கியிருக்கும் மூலையில்தான் சரியாகச் சொட்டுகிறது. ஆளைக் கூட்டிவந்து காட்டினேன். அவன் ஏணியில் ஏறி நின்று பார்த்துவிட்டு, முழுக்கப் பிரித்துத்தான் போட வேண்டும் என்கிறான். நான் ஓட்டையை மட்டும் அடைத்தால் போதும் என்கிறேன். இரண்டு பேருக்கும் வாக்குவாதம். கடைசியில் ஒரு தகரத்தைச் செருகிவிட்டுப் போயிருக்கிறான். காற்றடித்தால் அது படபடவென்று அடித்துக்கொள்கிறது. உன் அண்ணிக்குக் கடைவாய்ப் பல் வலி. பிடுங்கச் சொன்னால் பயம். என்னைத் திட்டும்போது மட்டும் வலிப்பதில்லை.

பெரிய ரம்பத்துக்குப் புதுப் பிடி போட்டிருக்கிறேன். கை பழக இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

தங்கச்சியைச் சும்மா உட்கார வைக்காதே. பக்கத்தில் யாரோடாவது பேசச் சொல். கடைத்தெருவுக்காவது கூட்டிக்கொண்டு போய் வா.

வார்னிஷ் பற்றிக் கேட்டிருந்தாய். நேரில் பார்க்கும்போது பேசலாம்.

உன் அண்ணன்


ஏப்ரல் 9

அண்ணனுக்கு,

இரண்டு பேரும் இருக்கிறோம். அண்ணிக்குப் பல்வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நான் பிள்ளையின் பெட்டியைப் பற்றிக் கேட்டேன், நீங்கள் கூரையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். போதும். இல்லை என்றால் இல்லை என்று ஒரு வார்த்தை எழுத எவ்வளவு நேரம் ஆகும்? ஆகவே அது உண்மைதான்.

பெட்டி செய்ததைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். டாக்டர் உங்களைத் தனியாகக் கூப்பிட்டு ஏதாவது சொல்லியிருக்கலாம். தொழில்காரன் கை, பலகையைத் தேடிப் போயிருக்கலாம். அந்த ஜெபத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. பெட்டியை அடித்து, வார்னிஷ் பூசி, காய வைத்துவிட்டு வந்து "எழுப்புவீர்" என்றீர்களே, அது யாருக்குக் காட்டிய நாடகம்? நம் வீட்டிலேயே பெரிய விசுவாசி நீங்கள். உங்களுக்கே நம்பிக்கை இல்லாத ஒன்றை எனக்கு ஏன் ஊட்டினீர்கள்? நான் கடவுளே இல்லை என்று சொல்லவில்லை. அந்தப் பக்கம் எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது, அவ்வளவுதான்.

இன்னொரு செய்தி. எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன், அவள்தான் எழுதச் சொன்னாள். அவள் மறுபடி உண்டாகியிருக்கிறாள். இந்தப் பிள்ளைக்காக ஒருவரும் ஜெபம் பண்ண வேண்டாம். சபையில் சொல்லிவிடாதீர்கள். முக்கியமாக நீங்கள் பண்ண வேண்டாம். இந்த வீட்டிலும் கூடாது என்று சொல்லிவிட்டேன். நேற்று வேலை முடிந்து வந்தபோது குளியலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. தட்டினேன். கதவைத் திறந்தாள், வாளி கவிழ்ந்தபடியே கிடந்தது. தண்ணீர்ச் சத்தத்தை மறைப்பாக வைத்துக்கொண்டு உள்ளே முழங்காலில் இருந்திருக்கிறாள். நான் கை நீட்டிக் குழாயை மூடினேன். அவள் வாளியை நிமிர்த்தி வைத்தாள்.

தம்பி


ஏப்ரல் 28

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். உன் செய்தியைக் கேட்டதும் உன் அண்ணி பல்வலியை மறந்து எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டாள். தங்கச்சி நன்றாக இருக்க வேண்டும். தண்ணீர்க் குடத்தைத் தூக்க விடாதே. இரும்புச் சத்து மாத்திரையை வாந்தி வருகிறது என்று நிறுத்திவிடப் போகிறாள், சிட்டுவுக்கும் அப்படித்தான் செய்தாள். காலில் வீக்கம் கண்டால் அலட்சியமாக இருக்காதே.

ஜெபம் பண்ண வேண்டாம் என்றாய். சரி, பண்ணவில்லை. சபையிலும் சொல்லவில்லை.

நீ கேட்டதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ எழுத மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். முடியவில்லை தம்பி. என்னைப் பற்றி நீ நினைப்பதையே நினைத்துக்கொள். அது எனக்குத் தாங்கும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். வசனம் இல்லை, பயப்படாதே. அந்தப் பக்கம் பேச்சுவார்த்தை இல்லை என்றாய். நீ சின்னதில் அப்பாவோடு கோபித்துக்கொண்டு பேசாமல் இருப்பாய். ஆனால் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து அவர் பக்கத்தில்தான் உட்காருவாய், முகத்தைத் திருப்பிக்கொண்டு. அவரும் ஒன்றும் கேட்கமாட்டார், தட்டை உன் பக்கம் நகர்த்துவார். கோபமாகவே இரு, யாரும் உன்னைத் தடுக்கவில்லை. எழுந்து மட்டும் போய்விடாதே. தங்கச்சி குழாயைத் திறந்தால் ஓடட்டும், விடு.

சிட்டு இருக்கும் இடத்தில் புல் மண்டியிருந்தது. பிடுங்கிச் சுத்தமாக வைத்திருக்கிறேன்.

உன் அண்ணன்


ஜூலை 3

என் அன்பு அக்காவுக்கு,

நீங்களும் பெரியவரும் சுகமாக இருக்கிறீர்களா? எனக்குக் கால் இரண்டும் வீங்கிக் கிடக்கிறது, இரத்த அழுத்தம் இருக்கிறதாம். உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். மற்றபடி இருக்கிறேன்.

இவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். பெரியவர் போட்ட கடைசிக் கடிதத்தை இவர் பல தடவை படித்தார். படித்துவிட்டு மடித்து அலமாரிக்கு மேல் போட்டார். அதற்குப் பின் வந்த இரண்டையும் பிரிக்கவே இல்லை. வீட்டில் பேச்சே இல்லை அக்கா. வேலைக்குப் போகிறார், வருகிறார், கையை முகர்ந்து பார்த்துக்கொள்கிறார். "என்னங்க, கையில என்ன?" என்றால், "வார்னிஷ்" என்கிறார்.

எனக்கு ஜெபம் பண்ணவும் பயமாக இருக்கிறது, பண்ணாமல் இருக்கவும் பயமாக இருக்கிறது. போன தடவை அவ்வளவு பண்ணினோமே. இவர் சொல்வது நிஜமா என்று ஒருவரிடம் கேட்க வேண்டும் என்றால் உங்களிடம்தான் கேட்க முடியும். பெரியவர் உள்ளே நம்பிக்கை இல்லாமல்தான் அன்றைக்கு அப்படி ஜெபித்தாரா? பெட்டி முன்னமே இருந்ததா? இருந்தது என்றால் இருந்தது என்று சொல்லிவிடுங்கள். தெரியாமல் இருப்பதுதான் எங்கள் இருவரையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது.

உங்கள் பல்வலி எப்படி இருக்கிறது?

உங்கள் தங்கச்சி


ஜூலை 19

தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நாங்கள் சுகம். பல்லைப் பிடுங்கியாயிற்று, இனி என் வாய்க்குக் கட்டுப்பாடு கிடையாது. இதைப் பிரிக்காமல் அலமாரி மேல் போட்டாய் என்றால் நானே பஸ் ஏறி வந்து உன் வாசலில் நின்று சத்தமாகப் படிப்பேன். நீ அரை டவுசரோடு திரிந்த நாளிலிருந்து உன்னை எனக்குத் தெரியும்.

எங்கள் வீட்டு மனுஷன் சொல்லமாட்டார். நான் சொல்லக் கூடாது என்று சத்தியம் வேறு வாங்கி வைத்திருக்கிறார். போகட்டும், அதற்கு நான் கணக்குக் கொடுத்துக்கொள்கிறேன்.

பெட்டி முன்னமே இருந்தது. ஆனால் சிட்டுவுக்குச் செய்ததில்லை.

பக்கத்துக் கட்டிலில் கிடந்தது பேக்கரிக்காரர் மகள். அவளை மேலே கொண்டுபோனபோது டாக்டர்கள் அந்த மனுஷனிடம் கையை விரித்துவிட்டார்கள். அவர் மாவுக் கையோடு நேரே நம் கடைக்கு வந்து நின்றார். சொந்த ஊருக்குக் கொண்டுபோக வேண்டும், வண்டி சொல்லியாயிற்று, விடிவதற்குள் முடிந்துவிடும் என்கிறார்கள், எனக்கு வேறு ஆள் இல்லை என்று வாசற்படியில் உட்கார்ந்து அழுதார். உன் அண்ணன் அப்பா சொன்ன சட்டத்தைச் சொல்லிப் பார்த்தார். அந்த ஆள் அவர் காலைப் பிடித்துவிட்டார். மனசு கேட்கவில்லை, சரி என்றார். அளவு வேண்டுமே. அளக்கப் போகவா முடியும்? "உங்க தம்பி பொண்ணு இருக்கால்ல, அவ உசரந்தாங்க" என்றார் அந்த ஆள். உன் அண்ணன் கண்ணை மூடி சிட்டு உயரத்தை நினைத்துக்கொண்டு பலகையை வெட்டினார். வெட்டி, அடித்து, வார்னிஷும் பூசிவிட்டார்.

மறுநாள் அந்தப் பிள்ளை கண் விழித்துவிட்டாள். ஆமாம், பிழைத்துவிட்டாள். வார்டில் பேசிக்கொண்டது பொய். பெட்டி கடைக்குள் சாக்குப் போட்டு மூடியபடி நின்றது, காய்ந்தது. அதற்கடுத்த நாள் சிட்டு போனாள். மழையில் வேறு பலகை எல்லாம் ஊறிக் கிடந்தது, ஒன்றும் செய்ய முடியவில்லை.

இதை அவர் எந்த வாயால் உன்னிடம் சொல்வார்? ஒருத்தி எழுந்து போன பெட்டியில் உன் மகளைப் படுக்க வைத்தேன் என்றா? உன் மகள் உயரத்தை நினைத்து வெட்டினேன், அதனால்தான் கச்சிதமாக இருந்தது என்றா? உனக்குத் தெரிவதைவிட நீ அவரை வேஷக்காரன் என்று நினைப்பதே மேல் என்று இருந்துவிட்டார். உனக்கு வசனம் எழுதி அனுப்பினாரே, அந்த மனுஷன் அன்றையிலிருந்து வாய் திறந்து ஜெபித்ததே இல்லை, தெரியுமா? ஜெபக் கூட்டத்தில் அவர் முறை வந்தால் இருமுகிறார். சாப்பாட்டுக்கு முன்னால் தலை குனிகிறார், உதடு அசைவதில்லை. நீ அவரை ஜெபம் பண்ணாதே என்று எழுதியதைப் படித்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை இனி நான் பார்க்கக் கூடாது.

தங்கச்சியை நல்ல ஆஸ்பத்திரியில் காட்டு. அவள் மேல் எரிந்து விழாதே.

உன் அண்ணி


செப்டம்பர் 2

அண்ணா,

இருக்கிறோம். அவளுக்கு அழுத்தம் குறையவில்லை, வாரா வாரம் வரச் சொல்கிறார்கள்.

அண்ணி எழுதியது கிடைத்து வெகு நாளாகிவிட்டது. பதில் எழுத உட்கார்ந்து, தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். முதலில் அந்தப் பேக்கரிக்காரர் மேல் வெறி வந்தது. பிள்ளையைக் கைவிட்டுப் பெட்டி சொன்னவருக்குப் பிள்ளை கிடைத்தது, விடாமல் பிடித்துக்கொண்டிருந்த எனக்குப் பெட்டி கிடைத்தது. இதில் என்ன நியாயம் என்று நீ நம்புகிறவரிடம் கேட்டுச் சொல். உன் மேலும் கோபம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

வேறொன்றும் கேட்கவில்லை. அந்தப் பிள்ளையை நீ பார்ப்பதுண்டா? இப்போது எவ்வளவு உயரம் இருக்கிறாள்?

தம்பி


செப்டம்பர் 14

என் தம்பிக்கு,

சுகம். உன் அண்ணி சத்தியத்தை மீறியதற்கு இரண்டு நாள் அவளோடு பேசாமல் இருந்தேன். பிறகு அவள்தான் எனக்கு உதவி செய்திருக்கிறாள் என்று தெரிந்தது.

பார்க்கிறேன். தினமும் பார்க்கிறேன். பள்ளிக்கூடம் விட்டு நம் கடை வழியாகத்தான் போகிறாள். மரத்தூளை அள்ளி விளையாட உள்ளேயும் வந்துவிடுவாள், இது என்ன கடை என்று அவளுக்குத் தெரியாது. ஆரம்பத்தில் அவள் வரும் நேரத்துக்குக் கதவைச் சாத்தி வைப்பேன். இப்போது சாத்துவதில்லை.

அளந்தது இல்லை, அளக்கவும் மாட்டேன். கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். போன வருஷம் வேலை மேசைக்கு அந்தப் பக்கம் நின்றால் ரிப்பன் மட்டும்தான் தெரியும். இப்போது முகவாயை மேசைமேல் வைத்துக்கொண்டு பேசுகிறாள். முன்பல் இரண்டும் விழுந்து முளைத்திருக்கிறது. காலும் கையும் நீண்டுவிட்டது. அந்தப் பெட்டி அவளுக்கு இனிமேல் போதாது. நம் சிட்டுவும் இந்நேரம் அவ்வளவு இருந்திருப்பாள். நீ அதைத்தான் கேட்டாய் என்று தெரியும்.

நியாயம் கேட்டாய். நானும் கேட்டுப் பார்த்தேன், எனக்குப் பதில் வரவில்லை. வந்துவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். அன்றைக்கு நான் ஜெபித்தது நாடகம் இல்லை தம்பி. நிச்சயம் எழுப்புவார் என்று நம்பித்தான் கத்தினேன். என் நெஞ்சைக் குத்துவது வேறு. பேக்கரிக்காரர் மகளுக்கு நான் பெட்டி செய்தேனே தவிர, ஒரு வார்த்தை ஜெபிக்கவில்லை. அவள் கதை முடிந்தது என்று ஒதுக்கிவிட்டேன். நான் ஒதுக்கியவளை அவர் ஒதுக்கவில்லை. அப்படியானால் சிட்டுவையும் அவர் ஒதுக்கியிருக்கமாட்டார். இவ்வளவுதான் என் கையில் இருக்கிறது. இதை வைத்துக்கொண்டுதான் காலையில் எழுந்து கடையைத் திறக்கிறேன். உனக்கு இது போதாமல் இருக்கலாம். சில நாள் எனக்கே போதுவதில்லை.

தங்கச்சிக்குத் தலைவலி, கண் மங்கல் என்றால் ஒரு நிமிஷம் வீட்டில் வைத்திருக்காதே.

உன் அண்ணன்


அக்டோபர் 30

அண்ணாவுக்கும் அண்ணிக்கும் ஸ்தோத்திரம்.

இந்த வார்த்தையை எழுதி ரொம்ப நாளாகிவிட்டது. கை தானாக எழுதியது, அடிக்கவில்லை.

மகன் பிறந்திருக்கிறான். நாளுக்கு முன்னாலேயே வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். அவளுக்கு இரண்டு நாள் நினைவில்லை, இப்போது எழுந்து உட்காருகிறாள். பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறான். என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடுவான். குழாய் வழியாகப் பால் இறங்குகிறது. இன்னும் ஒன்றும் சொல்ல முடியாது என்கிறார்கள்.

அடுத்த கண்ணாடிப் பெட்டியில் இன்னொரு பிள்ளை இருந்தான். அவன் அப்பன் பெயின்டர், சின்ன வயசு, தலையெல்லாம் சுண்ணாம்பு. இரண்டு பேரும் கண்ணாடிச் சுவருக்கு வெளியே ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்போம். நம்ம ஆட்கள்தான், வேறு சபை. அவன் மனசுக்குள் ஜெபித்துக்கொண்டே இருப்பான். நான் சும்மா உட்கார்ந்திருப்பேன். முந்தாநாள் காலையில் நர்ஸ் வந்து அவனைக் கூப்பிட்டார். நானும் கூடவே எழுந்துவிட்டேன். அவர் என்னைக் கூப்பிடவில்லை என்றதும் அண்ணா, எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். உன்னிடம்தான் இதைச் சொல்ல முடியும்.

அவன் வெளியே வந்து, "அண்ணே, இவ்ளோ சின்னதுக்குப் பெட்டி எங்க கிடைக்கும்?" என்று என்னைக் கேட்டான்.

மூச்சு நின்ற பிறகுதான் பலகையைத் தொட்டேன். எங்கள் தொழிற்சாலை மேஸ்திரி அலமாரிப் பின்பலகையில் ஒரு துண்டு கொடுத்தார். கை மறக்கவில்லை. வெகு சீக்கிரம் முடிந்துவிட்டது, அதில் வெட்டுவதற்கே ஒன்றுமில்லை. வெறும் பலகையாகக் கொடுக்க மனசு வரவில்லை, வார்னிஷ் பூசினேன். காய நேரமில்லை. இங்கேயும் மழை. ஈரத்தோடே விலாவில் இடுக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

கல்லறையில் அவர்கள் போதகர் வந்து சேரவில்லை. பள்ளம் தோண்டியவர் அவசரப்படுத்தினார். "அண்ணே, நீங்களாவது ஏதாச்சும் சொல்லுங்கண்ணே" என்றான். எனக்கு ஒரு வசனமும் வரவில்லை. "ஆண்டவரே, இவன் ரொம்பச் சின்னவன். எங்க சிட்டு அங்கதான் இருக்கா. அவகிட்ட குடுத்துடும், தூக்கி வெச்சுக்குவா" என்றேன். அவன் ஆமென் என்றான். நானும் சொன்னேன்.

திரும்பி நடக்கும்போது, "உங்க பையன் எப்படி இருக்கான்ணே?" என்று கேட்டான். பால் இறங்குகிறது என்று எப்படிச் சொல்வேன்? மழையைப் பற்றிப் பேசினேன். இந்தத் தெருவில் தண்ணீர் தேங்குகிறது, சாக்கடையை அடைத்துவிட்டார்கள், யாரும் கவனிப்பதில்லை என்று பஸ் நிறுத்தம் வரைக்கும் பேசிக்கொண்டே வந்தேன். நீ ஏன் எனக்குக் கூரையைப் பற்றி எழுதினாய் என்று அப்போது தெரிந்தது.

நம் பையனுக்காக ஜெபம் பண்ணு அண்ணா. வாய்விட்டுப் பண்ணு. நீ சத்தம் போட்டால்தான் எனக்கு ஜெபம் மாதிரி இருக்கும். அந்தப் பெயின்டரையும் சேர்த்துக்கொள். அவனை ஒதுக்கிவிடாதே.

அன்றைக்குப் போட்டிருந்த சட்டையில் விலாப்பக்கம் பெட்டியின் விளிம்பு நீளமாக ஒட்டியிருக்கிறது. சோப்புப் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. ஈர வார்னிஷ், போகாது. அதையே போட்டுக்கொண்டுதான் பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

உன் தம்பி